நூற்று முப்பத்தெட்டுக் குதிரைகள்

அவரிடம் குதிரை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஊரே அவரைக் குதிரைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. புதிதாகக் குடிவந்த பல் டாக்டர் ஒருவர் இதை அப்படியே நம்பி, மகளின் பிறந்த நாளுக்குச் சவாரி ஏற்பாடு செய்ய முடியுமா என்று பட்டறை வாசலில் வந்து நின்றார். குதிரைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "தாராளமா சார். நூறு குதிரை இருக்கு. எல்லாம் ஒரே பானட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. பாப்பாவுக்கு கியர் போடத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

சின்ன டர்போ கார்களின் இன்ஜினுக்குக் கூடுதல் குதிரைத்திறன் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். டர்போ என்பது ஒன்றும் மாயமில்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்றும். அது சுற்றும்போது அதே அச்சின் மறுமுனையில் இருக்கிற காற்றாடி, வெளிக்காற்றை அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கும். நிறையக் காற்று, அதற்குத் தக்க பெட்ரோல், அதற்குத் தக்க பலம். தயாரித்தவர்கள் ஜாக்கிரதையாக ஓர் எல்லையில் நிறுத்தி அனுப்பியிருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது வித்தை.

குதிரைக்காரருக்கு அது காதில் தெரியும். அந்தக் காதைப் பற்றி ஊரில் உலவிய கதைகளை எழுதினால் இரண்டு நோட்டுப் புத்தகம் பிடிக்கும். மூன்றாவது தெருவில் யாராவது வண்டியைக் கிளப்பினால், இவர் இங்கே படுக்கையில் புரண்டபடியே "ரெண்டாவது சிலிண்டர் பிளக் போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி குறட்டையைத் தொடர்வாராம். ஒருமுறை தியேட்டரில் வில்லன் காரில் தப்பித்து ஓடிக்கொண்டிருக்க, "இவன் ரொம்ப தூரம் போக மாட்டான், டைமிங் செயின் தளர்ந்திருக்கு" என்று உரக்கச் சொல்லி முன்வரிசைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த காட்சியிலேயே வில்லன் அகப்பட்டான். இதில் பாதி பொய். எந்தப் பாதி என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

பட்டறை பெரியதில்லை. மடக்குக் கதவு, காரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண்கள், தரையோடு தரையாகப் பதித்த இரும்பு உருளைகள், அவற்றின் எதிரே ஆள் உயர மின்விசிறி. காரை உருளைமேல் ஏற்றிக் கட்டிப் போட்டு ஓட்டினால், சக்கரம் சுற்றும், கார் நகராது, எத்தனை குதிரை என்று உருளை சொல்லும். மூலையில் கண்ணாடி அறை. அதற்குள் மேஜை, லேப்டாப், லேப்டாப்புக்குப் பின்னால் அவர் மனைவியின் தம்பி. அந்த மச்சினன் பிறந்தபோதே மடியில் லேப்டாப்போடு பிறந்ததாகக் குதிரைக்காரர் சொல்லுவார். பாகங்களை மாற்றுவது இவர், கணினியில் இன்ஜினின் மனதை மாற்றுவது அவன். பதினோரு வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினை அளவுக்கு மீறி உசுப்பினால், உள்ளே பெட்ரோல் பொறியின் தீ வந்து சேரும்வரை காத்திராமல் தானாகவே வெடிக்க ஆரம்பிக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போலத்தான். அதைத் தட்டல் என்பார்கள். ஒன்றிரண்டு முறை தட்டினால் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும். திரையில் ஒரு கோடு துள்ளி இதைக் காட்டத்தான் செய்யும். ஆனால் பெட்ரோலைப் பீய்ச்சும் புது இன்ஜெக்டர்கள் போடும் சத்தத்துக்கும் அந்தக் கோடு துள்ளும். அதனால் கடைசித் தீர்ப்பு குதிரைக்காரருடையது. இன்ஜின் உடம்பில் ஒரு சின்ன மைக்கைக் கவ்வவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். சுத்தமாக இருந்தால் கட்டைவிரல் மேலே போகும். மச்சினன் இன்னும் அரைப்படி ஏற்றுவான். தட்டல் கேட்டால் விரல் கீழே வரும். மச்சினன் இறக்குவான். வாய்ப்பேச்சே கிடையாது. கட்டைவிரல்தான் நீதிபதி.

இப்படி இருக்கையில் ஊரிலிருந்து குருவிகள் காணாமல் போயின.

"இந்த வருஷம் குருவியே வரல பாத்தியா?" என்று ஒரு காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "தலைக்கு மேல கம்பியில ஏழு உக்காந்து கத்துது. காலங்காத்தால என்னைத் தூங்க விடல. என்ன கேலியா?"

அண்ணாந்து பார்த்தார். ஏழு இருந்தன. ஏழும் வாயைத் திறந்து திறந்து மூடின. ஊமைப்படம் பார்ப்பது போல இருந்தது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு பட்டறைக்குப் போனார். அங்கே யாரும் இல்லாத நேரம் பார்த்து, காதருகே இரண்டு விரல்களை உரசிப் பார்த்தார். வலது காதில் கொஞ்சம். இடது காதில் ஒன்றுமே இல்லை. முப்பது வருடமாகக் காற்றாடிகளின் கீச்சலுக்குப் பக்கத்திலேயே நின்ற காதுகள் அவை. பேச்சு கேட்டது, ஹாரன் கேட்டது, மச்சினன் கத்துவது நன்றாகவே கேட்டது. மெல்லிய, உச்சத்தில் கீச்சிடும் சத்தங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தன. தட்டல் அந்த உச்சத்தில்தான் குடியிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? பாடகர் தொண்டை போய்விட்டது என்று மேடையில் அறிவிப்பாரா? காது இல்லாவிட்டால் அந்தப் பட்டறையில் அவர் யார்? ஸ்பேனர் பிடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அதிலும் கொஞ்ச நாளாக எல்லா இன்ஜினும் அவருக்கு நல்ல இன்ஜினாகவே தெரிந்தது. எதிலும் தட்டல் இல்லை. விரல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரரின் வெள்ளைக் கார் அந்தச் சமயத்தில் வந்ததுதான். கண்ணாடிக்கடைக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி விற்பவர். வண்டியில் இருபது குதிரை ஏற்றிக்கொண்டு ராஜாவைப் போலப் போனவர், ஐந்தாவது வாரம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓரம் பிஸ்கட் கடித்த மாதிரி உடைந்திருந்தது. மச்சினன் உடைந்த துண்டைக் கையில் புரட்டிப் பார்த்து, "மாமா சுத்தம்னு சொல்லித்தானே விட்டோம்? அப்போ இது பெட்ரோல்தான். மட்டமான பெட்ரோல்" என்றான். குதிரைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்துகொண்டார். வேறு பிஸ்டன் போட்டு வண்டியை அனுப்பினார்கள்.

அதோடு போயிருந்தால் சரி. கண்ணாடிக்கடைக்காரர் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனார். பங்க் முதலாளி அவருக்கு இருபத்தாறு வருட நண்பர். தினமும் காலையில் பட்டறைக்கு எதிரே இருக்கிற பூங்காவில் இருவரும் கைவீசி நடப்பார்கள். "தண்ணி கலந்து விக்கிறியா?" என்று வாடிக்கையாளர்கள் மத்தியில் இவர் கேட்க, "உன் கண்ணாடிய மாட்டினவன்லாம் சுவத்துல போய் முட்டிக்கிறான், நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்று அவர் திருப்பிக் கொடுக்க, அன்றோடு பேச்சு நின்றது. நடை மட்டும் நிற்கவில்லை. ஒருவர் பூங்காவை இடப்பக்கமாகச் சுற்றினார், இன்னொருவர் வலப்பக்கமாக. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரெதிரே வந்தார்கள். இரண்டு தடவையும் இரண்டு பேருக்கும் மரங்களின்மேல் திடீர் ஆர்வம் பிறந்தது. குதிரைக்காரர் பட்டறை வாசலில் நின்று தினமும் அதைப் பார்த்தார்.

சுருக்கெழுத்தம்மா வந்தது அதற்கு அடுத்த மாதம்.

முப்பத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத உடை, காதோரம் சொருகிய பென்சில். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் வைத்த சிவப்புக் குட்டிக் காரில் வந்து இறங்கினார்.

"தம்பி, இதுல நூறு குதிரைங்கறாங்க. எனக்கு நூத்தம்பது வேணும்."

"எங்கம்மா ஓடப் போறீங்க?"

"மலைப்பாதைப் பந்தயம். போன வருஷம் கலந்துக்கிட்டேன். கடைசியா வந்தேன். மைக் பிடிச்சவன் என்ன சொன்னான் தெரியுமா? 'சிவப்பு வண்டி அம்மா வழியில பூப்பறிச்சுக்கிட்டே வர்றாங்க'ன்னான். எண்ணூறு பேர் சிரிச்சாங்க. எனக்குப் பின்னாடி ரொட்டிக்கடை வேன் ஒண்ணு வந்துச்சு. அது பந்தயத்துலயே இல்ல, ரொட்டி கொண்டுபோய்க்கிட்டு இருந்துச்சு."

மச்சினன் லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தான்.

"சிரிங்க தம்பி, சிரிங்க. முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவங்க சொன்னதையே எழுதியாச்சு. மிச்சம் இருக்கிற நாள்ல மத்தவங்க என்னைப் பத்திச் சொல்றத நான் தீர்மானிக்கணும்."

குதிரைக்காரருக்கு அந்த அம்மாவைப் பார்த்தவுடனே பிடித்துப் போயிற்று. பன்னிரண்டு நாள் வேலை. கொஞ்சம் பெரிய டர்போ போட்டார். அது திணிக்கும் காற்று சூடேறுமே, அதை ஆற்றி அனுப்ப அகலமான இன்டர்கூலரை முகப்பில் பொருத்தினார். இன்ஜெக்டர்கள், கிளட்ச், புகைக்குழாய் எல்லாம் மாறின. பிரேக்கையும் மாற்றப் போவதாகச் சொன்னதும், "நான் ஓடறதுக்கு வந்தேன், நிக்கறதுக்கு இல்லையே" என்றார் அம்மா. "நின்னாத்தானேம்மா அடுத்த வருஷமும் ஓடலாம்" என்றார் இவர். அம்மா தினமும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த போல்ட் எங்கே போகிறது என்பதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்பார்.

உருளையேற்றும் நாள் வந்தது. மின்விசிறி புயலாக வீசியது. குதிரைக்காரர் ஹெட்போனை எடுத்து மாட்டப் போக, அம்மா கையை நீட்டினார்.

"இன்னொண்ணு இருக்கா? எனக்கும் கேக்கணும். என் வண்டி என்ன பேசுதுன்னு."

பழைய ஹெட்போன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து இணைத்துக் கொடுத்தார். "உள்ள ஒண்ணும் விசேஷமா இருக்காதும்மா. இரைச்சல்தான். அதுக்கு மேல எதுவும் கேக்காம இருந்தா நல்லது."

மச்சினன் ஓட்டினான். முதல் ஓட்டம் நூற்றுப் பத்தொன்பது. கட்டைவிரல் மேலே. அடுத்தது நூற்று இருபத்தேழு. விரல் மேலே. நூற்று முப்பத்து மூன்று. நூற்று முப்பத்தெட்டு. அம்மா ஒவ்வொரு எண்ணையும் எழுதி அடிக்கோடு போட்டார். கண்ணில் பந்தயத்தன்று மைக் பிடித்தவனின் முகம் தெரிந்திருக்க வேண்டும், உதட்டோரம் ஒரு சிரிப்பு.

ஐந்தாவது ஓட்டம். உருளை உறுமியது. குதிரைக்காரர் கண்ணை மூடினார். காதுக்குள் ஒரே சீரான இரைச்சல், அருவிக்குப் பின்னால் நிற்பது போல. வேறொன்றும் இல்லை. நூற்று நாற்பத்து மூன்று. விரல் மேலே போயிற்று.

"சூப்பர் மாமா! இன்னும் ஒரே ஒரு அரைப்படி. நூத்தம்பதுக்கு முத்தம் கொடுத்துடலாம்" என்று மச்சினன் காரிலிருந்து இறங்கிக் கண்ணாடி அறைக்குள் ஓடினான்.

கண்ணைத் திறந்தபோது அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. பென்சிலால் நோட்டில் எதையோ எழுதி, சத்தம் போடாமல் அவர் பக்கம் நகர்த்தினார். சுருக்கெழுத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுதுவது போல முழு எழுத்தில், பெரிது பெரிதாக எழுதியிருந்தார்.

"சாட்சிக்கூண்டில் பொய் சொல்லுபவர்கள் நகத்தால் மரத்தைத் தட்டுவார்கள். அது போல ஒரு சத்தம். ஒன்பது முறை. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றில் ஆரம்பித்தது. உங்களுக்குக் கேட்கவில்லை, இல்லையா?"

அவர் அதை இரண்டு முறை படித்தார். அம்மா வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். "ஏன் தம்பி, காது கேக்கலியா?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி ஒரு வார்த்தை போதும். நீதிமன்றத்தில் எத்தனை மனிதர்கள் எத்தனை விதமாகக் கூனிப்போவதைப் பார்த்தவரோ, ஒரு நோட்டை நகர்த்தினார், அவ்வளவுதான். நோட்டின்மேல் இருந்த கையைக்கூட எடுக்கவில்லை. வேண்டுமானால் இந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்பது போல இருந்தது அந்தக் கை.

கண்ணாடிக்குப் பின்னால் மச்சினன் பித்தானை அழுத்த விரலைத் தூக்கியிருந்தான். இன்னும் அரைப்படி ஏறினால் என்ன ஆகும் என்பது குதிரைக்காரருக்குத் தெரியும். அம்மாவின் இன்ஜின் மலைப்பாதையில் மூன்றாவது வளைவைத் தாண்டாது. ஏதாவது சாக்குச் சொல்லி இறக்கவும் முடியும். "சூடு அதிகம் மாப்ளே, இன்னைக்கு இது போதும்" என்றால் முடிந்தது. காது பற்றி எவனுக்கும் தெரியாது. நாளைக்கு அடுத்த வண்டி வரும். அதற்கும் விரல் மேலே போகும்.

அவர் கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார்.

மச்சினன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, விளையாடறீங்களா? இப்பத்தானே மேலே காட்டினீங்க?"

"தட்டுது மாப்ளே."

"அப்புறம் ஏன் மேல..."

"எனக்குக் கேக்கல. அம்மாவுக்குக் கேட்டுச்சு. ஒன்பது தடவை."

மச்சினன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தான். கோடு ஒன்பது இடத்தில் துள்ளியிருந்தது. நாலாயிரத்தில் ஆரம்பித்து.

"நான் இன்ஜெக்டர் சத்தம்னு விட்டுட்டேன். நீங்க விரலைத் தூக்கினீங்க, அதான் விட்டுட்டேன்." அவன் குரல் இறங்கியது. "எவ்வளவு நாளா மாமா?"

"எட்டு மாசம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"அப்போ கண்ணாடிக்கடைக்காரர் வண்டி?"

குதிரைக்காரர் ஆமென்று தலையை ஆட்டினார். மச்சினன் மின்விசிறியை நிறுத்தினான், லேப்டாப்பை மூடினான், வெளியே போய்விட்டான். சுருக்கெழுத்தம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஆள் மேல இவ்வளவு பாரத்தை வச்சா எப்படித் தம்பி? எங்க கோர்ட்ல பெரிய வழக்குன்னா ரெண்டு பேர் எழுதுவோம். ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடிப்பா. அதுல கௌரவக் குறைச்சல்னு யாரும் நெனச்சதில்ல."

"நூத்தம்பது கிடையாதும்மா" என்றார் அவர். "நூத்தி முப்பத்தெட்டுதான். அதுக்கு மேல இந்த இன்ஜின் தாங்காது."

"நூத்தி முப்பத்தெட்டு உசிரோட வந்தா போதும்" என்றார் அம்மா.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அப்போ இந்த எட்டு மாசமா நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினீங்களே, என்னத்துக்குத் தலையாட்டினீங்கன்னு தெரியுமா?" என்றாள்.

"என்னத்துக்கு?"

"எங்கம்மா வந்து மூணு மாசம் தங்கறதுக்கு. கூடத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கறதுக்கு. வாசல்ல இருக்கிற அந்த ஓட்டை ஸ்கூட்டரை எடுத்துத் தொலைக்கறதுக்கு."

"ஸ்கூட்டரா?"

"தலையாட்டியாச்சு. ஆட்டினது ஆட்டினதுதான்." பிறகு அருகில் வந்து அவர் இடது காதை இரண்டு விரலால் பிடித்து, அம்மா பிள்ளையின் காதைத் திருகுவாளே, அப்படி மெதுவாகத் திருகினாள். "நான் வேற என்னவோன்னு பயந்துகிட்டு இருந்தேன். எம்மேல வெறுப்பு வந்துடுச்சோன்னு. காதுதானா? போங்க."

மறுநாளே அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். பேச்சுக்கு உதவும் கருவி வந்தது. குருவிகள் திரும்பி வந்தன. மாமியார் வருவதும் கேட்டது. ஆனால் டாக்டர் நேர்மையானவர். "பேச்சுக்கு இது போதும். நீங்க சொல்ற அந்தச் சத்தத்துக்கு இதை நம்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மச்சினன் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஒரே பட்டறையில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தான். "அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு கேட்டுச் சொல்லு." அவள் இவருக்குப் போன் செய்வாள். இவர் ஆறடி தள்ளி நின்று பதில் சொல்வார். நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால் சுவரில் இரண்டு புது ஹெட்போன்கள் தொங்கின. பக்கத்தில் ஒரு தாள்: இரண்டு விரல் மேலே போகாமல் எதுவும் ஏறாது.

"என் காதுதான் போச்சே, இது ரெண்டும் யாருக்கு மாப்ளே?"

"ஒண்ணு எனக்கு. நீங்க வண்டிய ஓட்டுங்க. இவ்வளவு நாள் திரையப் பாத்தேன், இனிமே அதையும் கேக்கக் கத்துக்கறேன். இன்னொண்ணு அந்த அம்மாவுக்கு. புதன்கிழமை, சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "கோடு துள்ளினதை நானும் பாத்தேன் மாமா. அந்த வெள்ளை வண்டியிலயும் பாத்தேன். உங்க விரலைப் பாத்துட்டு என் கண்ணை நம்பல. தப்பு ரெண்டு பேருது."

அவன் அப்படிச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குதிரைக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. "பதினாலாம் நம்பர் இங்கதான் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒன்றுதான் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிவப்புக் கார் முப்பத்தொரு வண்டிகளில் பதினான்காவதாக வந்தது. மைக் பிடித்தவன், "அம்மா இந்த வருஷம் பூக்கடையையே தூக்கிட்டு வர்றாங்க" என்றானாம். எண்ணூறு பேர் கைதட்டினார்கள். அம்மா அதையும் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். ஆனால் அது இரண்டு மாதம் கழித்து. அதற்கு முன்னால், ஹெட்போன்கள் சுவரேறிய அன்றைக்கே, குதிரைக்காரர் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் யாருக்கோ கண்ணாடி பிரேம் ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க இன்ஜின் உடைஞ்சது பெட்ரோலால இல்ல. என்னால. எனக்குக் காது சரியில்ல. தட்டினது கேக்கல. எல்லாம் சுத்தமா இருக்கற மாதிரி விரலைத் தூக்கிட்டேன்."

பிரேம் கையில் அப்படியே நின்றது. "அப்போ அவன்?"

"அவர் பெட்ரோல்ல ஒரு குத்தமும் இல்ல."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். "எல்லார் முன்னாடியும் கத்தினேனே அய்யா! ரெண்டு மாசமா மரத்தை மரத்தைப் பாத்துக் கழுத்தே வலிக்குது." திடீரென்று எழுந்து கடை ஷட்டரை இழுத்துச் சாத்தினார். வாடிக்கையாளர் பாதிக் கண்ணாடியோடு வெளியே நின்றார். "வாங்க. இதையே அங்க வந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையக் கூடாது. நான் கத்தின அதே இடத்துல நின்னு சொல்லணும்."

பெட்ரோல் பங்கில் நாலு வண்டி நின்றிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் முதல் பம்பின் அருகே இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். குதிரைக்காரர் அங்கே நின்று, வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, எல்லாவற்றையும் சொன்னார். காது போனது, விரல் தூக்கியது, வாயை மூடிக்கொண்டு இருந்தது. கடைசியில், "மன்னிச்சிருங்க. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சது நான்தான்" என்றார்.

பங்க் முதலாளி அவரைப் பார்க்கவில்லை. நண்பரைத்தான் பார்த்தார்.

"தண்ணி கலக்கறேன்னு சொன்ன இல்ல?"

"சொன்னேன். நீ மட்டும் என்ன, என் கண்ணாடி மாட்டினவன் சுவத்துல முட்டறான்னு சொல்லல?"

"அது நிஜம்!"

"யாருடா முட்டினான்? பேர் சொல்லு பாப்போம்!"

"எங்க பெரியப்பா முட்டினாரு!"

"அவரு கண்ணாடிய வீட்ல வச்சிட்டுப் போனாருடா!"

இப்படியே கத்திக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள். சாலையைக் கடந்தார்கள். பூங்காவுக்குள் நுழைந்தார்கள். கையை வீசி வீசி, ஒரே பக்கமாக நடந்தார்கள். குதிரைக்காரரைத் திட்டக்கூட அவர்களுக்கு நேரமில்லை. போகிற போக்கில் பங்க் முதலாளி கையிலிருந்த பெட்ரோல் குழாயை இவர் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. யாருக்கு நன்றி சொல்வது? அந்தச் சண்டைக்காரர்களுக்கா, மச்சினனுக்கா, காதைத் திருகியவளுக்கா, நோட்டை நகர்த்தியவருக்கா?

வரிசையில் நின்றிருந்த காரிலிருந்து ஒருவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். நடந்ததில் பாதியைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"ஏங்க, இங்க பெட்ரோல் நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்" என்றார் குதிரைக்காரர், குழாயைத் தூக்கிக்கொண்டு. "நான் பொறுப்பு. எத்தனை லிட்டர் போடட்டும்?"